கோடம்பாக்கத்துப் பாட்டு கொழும்பு வழியாக வந்த கதை

அரக்கு, கல்மாவு, கொஞ்சம் கரிப்பொடி. பழைய இசைத்தட்டின் உடம்பு இவ்வளவுதான். மரக்கிளையில் ஒட்டி வாழும் பூச்சி கசியவிடும் பிசினைக் காய்ச்சி, மாவோடு பிசைந்து, சூட்டோடு சூடாக அச்சில் வைத்து அமுக்கினால் 10 அங்குலத் தட்டு கிடைக்கும். நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்தில் மூன்றேகால் நிமிடம் பாடும். பாட்டு அதற்கு மேல் நீண்டால் பாதியில் நிறுத்தித் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். கைதவறிக் கீழே விழுந்தால் சுக்குநூறு.

சென்னை ஸ்டுடியோவில் பதிவான சினிமாப் பாட்டு இந்தத் தட்டில் ஏற, கல்கத்தா போக வேண்டியிருந்தது. எச்.எம்.வி. இசைத்தட்டுத் தொழிற்சாலை அங்கே டம்டம்மில்தான் இருந்தது. அச்சான தட்டுகள் ரயிலேறித் திரும்பி வந்து சென்னைக் கடைகளில் விற்பனைக்கு நிற்கும். வாங்க வசதியுள்ள வீடுகள் சொற்பம். கிராமபோன் வாங்க முடியாதவர்கள் காதுக்கு அந்தப் பாட்டு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் விஷயம். அது கடல் கடந்து போய்த் திரும்பி வந்தது.

காரணம், டெல்லியில் எடுத்த ஒரு முடிவு. 1952இல் மத்தியத் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதப் பிரியர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. அவர் வந்த புதிதில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் ஏறக்குறைய காணாமல் போனது. கர்நாடக, இந்துஸ்தானி வித்வான்களுக்கு அவர் செய்து கொடுத்த மேடை பெரியது, அதை மறுக்க முடியாது. ஆனால் பாட்டுப் பசியோடு இருந்தவனுக்கு வேறு கடை பக்கத்திலேயே திறந்திருந்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அந்தக் கடை கொழும்பு வானொலி. அதன் பூர்வீகம் சுவாரசியமானது. 1920களின் முற்பாதியில், எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தி இலாகாப் பொறியாளரின் முனைப்பில், முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளை வைத்து ஒரு சின்ன ஒலிபரப்பியைக் கட்டினார்கள். கொழும்பு மத்தியத் தந்தி அலுவலகத்தின் ஒரு சிற்றறையிலிருந்து அது முதலில் அனுப்பியது கிராமபோன் இசை. ஆக, பிறக்கும்போதே இசைத்தட்டோடு பிறந்த நிலையம்! 1925 டிசம்பரில் அது முறையான வானொலியானது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் தங்கள் வீரர்களுக்காகக் கொழும்பில் ஒரு வானொலி நடத்தின. ஜா-எல அருகே ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி நின்றது. போருக்குப் பின் இவை இலங்கை அரசின் கைக்கு வந்தன. 1949இல் ரேடியோ சிலோன். அடுத்த ஆண்டே வர்த்தக சேவை. இந்தியாவில் அப்போது வானொலியில் விளம்பரம் கிடையாது. எனவே இந்தியக் கம்பெனிகளே பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போயின. அமீன் சயானியின் பினாகா கீத்மாலா என்ற இந்தித் திரைப்பாட்டு நிகழ்ச்சியை பம்பாயில் பதிவு செய்து, நாடாவை விமானத்தில் அனுப்பி, அங்கிருந்து இந்தியாவுக்கே ஒலிபரப்பினார்கள்.

தமிழ்த் தட்டுக்கும் அதே விதி. சென்னையில் பாடி, கல்கத்தாவில் அச்சாகி, கொழும்பில் இசைத்தட்டு நூலகத்தின் அடுக்கில் போய் உட்கார்ந்தது. அடுக்கிலிருந்து எடுத்து, தூசி துடைத்து, சுழல்மேடையில் வைத்து, ஊசியை முதல் ஸ்வரத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி, அறிவிப்பாளர் பேசி முடிக்கும் அதே நொடியில் சுழல விட வேண்டும். அரை நொடி பிசகினால் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே ஓட்டை விழும்.

அந்தப் பேச்சுக்காகவே வானொலியைத் திருப்பியவர்கள் ஏராளம். தமிழ் வர்த்தக சேவையின் முன்னோடி எஸ்.பி. மயில்வாகனன். அவருக்குப் பின்னால் ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று ஒரு வரிசை. ராஜா மூச்சு வாங்காமல் பேசுவார், ஒரு சொல்லையும் மென்று விழுங்கமாட்டார். ஹமீதின் உச்சரிப்பில் ழகரமும் ளகரமும் தத்தம் இடத்தில் நிற்கும். படம், பாடியவர், இசை, பாடலை எழுதியவர் என்று எல்லாப் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை, பாடலாசிரியர் யார், இசையமைப்பாளர் யார் என்று பிரித்துக் கேட்கப் பழகியதில் இவர்கள் பங்கு பெரிது. நம்மூர்ப் பண்பலைக்காரர்கள் இதை மட்டுமாவது திரும்பப் பிடித்துக்கொண்டால் புண்ணியம்.

ஏக்கலையில் கிளம்பிய சிற்றலை மேலே போய், வானத்தின் மின்னூட்ட அடுக்கில் பட்டு, நெடுந்தூரம் தள்ளி இறங்கும். அந்த அடுக்கு ஒரு நிலையில் நிற்காது. அதனால்தான் பாட்டு ஊஞ்சலில் வருவது போலக் கூடிக் குறைந்து கேட்கும். பல்லவி தெளிவாக வரும், சரணம் எங்கோ தூரத்தில் போய்விடும். மத்திய அலை வேறு ரகம். உப்பு நீரின் மேல் அது நன்றாகப் பயணப்படும். நடுவில் இருந்ததோ குறுகிய கடல். நாகப்பட்டினத்திலும் ராமநாதபுரத்துக் கரையோரத்திலும் கொழும்பு உள்ளூர் நிலையம் மாதிரி கணீரென்று கேட்டது அதனால்தான்.

இக்கரையில் காத்திருந்தது மர்பி அல்லது பிலிப்ஸ் ரேடியோ. தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டி, புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டிய காலம். வால்வு சூடாகி, அலை பிடிபட்டதைக் காட்டும் பச்சைக் கண் ஒடுங்கும் வரை முள்ளை மயிரிழையாக நகர்த்த வேண்டும். மொட்டை மாடியில் இரண்டு மூங்கில் நட்டு ஏரியல் கட்டிய வீட்டுக்குத் தெருவில் தனி மரியாதை. காலையில் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி ஓடும்போது பள்ளிக்குப் புறப்பட்டவர்கள், எந்தப் பாட்டுக்குள் தலைவாரி முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். டீக்கடைகளில் பெஞ்சு நிறைந்தது. வழியில் ஒரு வீட்டில் பல்லவியும் அடுத்த வீட்டில் அனுபல்லவியும் கேட்டுக்கொண்டே நடந்த அனுபவத்தை அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பதிலுக்கு இங்கிருந்து போனது கடிதம். வெளிநாட்டுத் தபால் தலை ஒட்டி, விரும்பிய பாட்டையும் வீட்டார் பெயர்களையும் எழுதிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். ஊர்ப் பெயரும் தன் பெயரும் அந்தக் குரலில் ஒருமுறை ஒலித்தால் போதும், தெருவே வந்து விசாரிக்கும். பாட்டு என்னவோ பல முறை கேட்டதுதான்!

1957இல் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்கு இடம் தந்த விவித் பாரதி சேவையைத் தொடங்கி டெல்லி வழிக்கு வந்தது. 1967இல் அதிலும் விளம்பரம் நுழைந்தது. அதே ஆண்டு ரேடியோ சிலோன், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. நேயர்கள் உடனே மாறிவிடவில்லை. எழுபதுகள் முழுக்க கொழும்புதான் கோலோச்சியது. பிறகு கேசட் வந்தது, தொலைக்காட்சி வந்தது. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின் கொழும்பில் தமிழர் வாழ்க்கையே ஆட்டம் கண்டது. கே.எஸ். ராஜா பின்னாளில் கொழும்பில் கொலையுண்டார். ஹமீது, பாட்டுக்குப் பாட்டு நிகழ்ச்சியைச் சென்னைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார்.

தட்டுகளுக்குப் பெரிய சேதமில்லை. கொழும்பு வானொலியின் நூலகத்தில் அரிய தட்டுகள் இன்னும் இருக்கின்றன. பாட்டுகளோ இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே பேசிய பேச்சு எந்தத் தட்டிலும் இல்லை. அது நேரலையில் வந்து காற்றோடு போனது. மிச்சம் இருப்பது, நேஷனல் பானசோனிக் டேப் ரெக்கார்டரை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்து யாரோ பதிந்த கேசட்டுகளில்தான். பாட்டுக்காகப் பதிந்தார்கள், அறிவிப்பு கூடவே மாட்டிக்கொண்டது.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கேசட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பூஞ்சை படிந்திருந்தால் நீங்களே ஓட்டிப் பார்க்காமல், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். பூஞ்சை இல்லாவிட்டால் ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, கணினியில் ஏற்றுங்கள். பாட்டுக்கு முன்னால் வரும் பேச்சை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.