மரவள்ளி: ஜப்பான்காரன் காலத்திலிருந்து நம் பலகாரத் தட்டு வரை

மாலை நாலு மணிக்கு மேல் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால், சாலையோரப் பலகாரக் கடைகளில் பீசாங் கோரேங்குக்குப் பக்கத்தில் பொரித்த மரவள்ளியும் சூடாக இருக்கும். கிள்ளானிலும் இதே கதைதான். படிவம் 2 மாணவர்களிடம் ‘எங்கள் வீட்டுப் பலகாரம்’ என்று கட்டுரை கொடுத்துப் பாருங்கள். நாலைந்து பேராவது மரவள்ளியைப் பற்றி எழுதுவார்கள். கூடவே ஒரு வரியும் தவறாமல் வரும்: ‘இது நம் முன்னோர் காலங்காலமாக உண்டு வந்த பாரம்பரிய உணவு.’ நான் சிவப்பு மையில் வட்டம் போடுவது இலக்கணப் பிழைக்கு அல்ல, இந்த வரிக்குத்தான்.

மரவள்ளி தென் அமெரிக்கச் செடி. போர்த்துகீசியர் வழியாகக் கடல் கடந்தது. திருவிதாங்கூரில் 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். நம் நாட்டில் ரப்பருக்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டில், மலாக்கா வட்டாரத்தில் சீன முதலாளிகள் மாவு எடுத்து ஏற்றுமதி செய்வதற்காக ஏராளமாக நட்டார்கள். ஆனால் தோட்டத்து லயங்களில் அடுப்பு எரிந்ததெல்லாம் அரிசிக்குத்தான். அதிலும் புழுங்கல் அரிசி.

இந்தப் புழுங்கல் அரிசிக்கு மருத்துவ வரலாற்றிலேயே ஓர் இடம் உண்டு, அதுவும் கோலாலம்பூரில். அந்தக் காலத்தில் பெரிபெரி நோய் மலாயாவில் ஆளைக் கொன்றுகொண்டிருந்தது. கால் வீங்கும், நரம்பு தளரும், இதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்களை வாட்டிய அந்த நோய் தமிழர்களை அதிகம் தொடவில்லை. ஏன் என்று 1905-இல் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் சோதித்தார். நோயாளிகளில் ஒரு பாதிக்குத் தீட்டிய வெள்ளை அரிசி, மறுபாதிக்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களிடையே பெரிபெரி பரவியது, பலர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிக்காரர்கள் தப்பினார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது பிறகுதான். உடம்புக்கு முடியாத நாளில் அம்மா வைத்துக் கொடுக்கும் கஞ்சி இருக்கிறதே, அது நம்மவர்களைச் சத்தமில்லாமல் காப்பாற்றி வந்தது.

அந்த அரிசிதான் ஜப்பான்காரன் காலத்தில் கையை விட்டுப் போனது.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை பர்மா, சயாம் போன்ற நாடுகளிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. போர் வந்ததும் கப்பல் இல்லை. போதாக்குறைக்கு 1943-இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களையும் ஜப்பான் சயாமிடம் ஒப்படைத்துவிட்டது. நெற்களஞ்சியமான கெடாவே போய்விட்டது! ரப்பருக்குச் சந்தை இல்லை, தோட்டத்தில் வேலை இல்லை, கூலியும் இல்லை. கையில் இருந்ததோ வாழைமரம் அச்சடித்த நோட்டு. அதன் மதிப்பு மாதத்துக்கு மாதம் இறங்கியது.

‘கிழங்கு நடு’ என்றது ஜப்பானிய நிர்வாகம். மரவள்ளிக்கு விதை வேண்டாம், உரம் வேண்டாம். குச்சியை ஒடித்து ஊன்றினால் ஒரு வருடத்துக்குள் கிழங்கு. பால்மரங்களுக்கு இடையில், லயத்துக்குப் பின்னால், பட்டணத்தில் வீட்டு முற்றத்தில், எங்கே மண் தெரிந்ததோ அங்கே நட்டார்கள். காலையில் பசியாற அவித்த கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரியும் அதே கிழங்கு. உலர்த்தி இடித்து மாவாக்கிப் புட்டு, அடை, கஞ்சி. அரிசி கொஞ்சம் கிடைத்த வீட்டில் ஒரு பிடி அரிசியோடு நறுக்கிய கிழங்கைப் போட்டுப் பொங்கினார்கள்.

வயிறு நிறையும், உடம்பு தேறாது. மரவள்ளியில் புரதம் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான். புழுங்கல் அரிசி கொடுத்த காவலும் போய்விட்டது. பச்சைக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் நச்சு வேறு இருக்கிறது, கசப்பு வகையில் அது அதிகம். தோலைத் தடிப்பாகச் சீவி, ஊறவைத்து, மூடாத பானையில் அவித்து நீரை வடித்துவிட வேண்டும். அந்தப் பக்குவம் தெரியாதவர்களுக்கு அதுவே ஆபத்து. (மரவள்ளி சாப்பிட்டால் இஞ்சி தொடாதே என்பார்கள் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள். கிழங்கைப் பார்த்து எவ்வளவு பயந்திருந்தால் இப்படி ஒரு பேச்சு பிறந்திருக்கும்!)

என் பாட்டி கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். கடைசிவரை மரவள்ளியை வீட்டுக்குள் விடவில்லை. நாங்கள் பிங்கா உபி வாங்கி வந்து நீட்டினால், “அதத் தின்னுதான் உசுரோட கிடந்தோம், போதும்டி. நீங்க தின்னுங்க” என்பார். எங்களுக்கு நாவில் கரையும் இனிப்பு, அவருக்கு மூன்றரை வருடப் பசி.

அந்தப் பசிக்கு நடுவில்தான் ஆள் பிடிப்பும் நடந்தது. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது, போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ஆண்கள் இல்லாத லயங்களில் மண்ணைக் கொத்திக் கிழங்கு நட்டவர்கள் பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும்தான். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலையும் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ நாவலையும் இலக்கியப் பாடத்தில் தொடும் ஆசிரியர்கள், ரயில் பாதையோடு நிற்காமல் இந்த அடுப்படியையும் சேர்த்துப் பேசலாம்.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை நம் மோரிப் கடற்கரையில் இறங்கியது. அதனால் மறுநாளே சோறு வந்துவிடவில்லை. வாழைமர நோட்டு வெறும் காகிதமானது, அரிசிப் பங்கீடு தொடர்ந்தது. பின்னர் அவசரகாலம் வந்து, பால்மரம் வெட்டப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது என்ற கட்டுப்பாடும் பல இடங்களில் வந்தது. கிழங்குக்கு இன்னும் கொஞ்ச காலம் வேலை இருந்தது.

பிறகு சீனி தாராளமாகக் கிடைத்தது. தேங்காய்க்குச் சிலாங்கூர் கரையோரத்தில் பஞ்சமே இல்லை. பக்கத்து மலாய் வீடுகளில் துருவிய கிழங்கோடு சந்தான், முட்டை, சீனி சேர்த்துச் சுட்டார்கள். பாலில் குலா மலாக்கா கரைத்துப் பெங்காட் காய்ச்சினார்கள். நம் பெண்கள் பார்த்தார்கள், செய்தார்கள். பசிக்குத் தின்ற கிழங்கு இப்படித்தான் பலகாரத் தட்டில் ஏறியது.

வகுப்புக்கு ஒரு யோசனை. படிவம் 4 வரலாற்றில் ஜப்பானிய ஆட்சி வரும் வாரத்தில், தமிழ்மொழிக் கழகத்தின் மூலம் இதைச் செய்யலாம். ஒரு கிலோ மரவள்ளியைத் தோல் சீவி, நடு நாரை எடுத்துவிட்டு, துண்டுபோட்டு அரை மணி நேரம் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். புது நீரில், மூடி போடாமல் நன்றாக வேகும்வரை அவித்து வடியுங்கள். பாதிக் கிழங்கைத் தனியாக ஒரு தட்டில் வையுங்கள், உப்புகூட வேண்டாம். மறுபாதிக்கு 100 கிராம் குலா மலாக்காவை அரைக் குவளை நீரில் கரைத்து வடிகட்டி, ஒரு பண்டான் இலை, ஒரு குவளை தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, கிழங்கையும் போட்டு இளந்தீயில் பத்து நிமிடம். கொதித்துப் பொங்க விடாதீர்கள், பால் திரிந்துவிடும்.

முதலில் வெறும் கிழங்கு. ஆளுக்கு நாலு துண்டு, முழுவதும் சாப்பிட வேண்டும். ‘இதையே ஒரு வாரம், மூன்று வேளையும்’ என்று சொல்லி ஒரு நிமிடம் சும்மா இருங்கள். எங்கள் மாணவர்களில் எப்போதும் பேசிக்கொண்டிருக்கும் பையன்கூட மூன்றாவது துண்டில் மௌனமாகிவிட்டான். அதற்குப் பிறகு இனிப்பு. கட்டுரையை அதன்பின் எழுதச் சொல்லுங்கள்.

வீட்டுப்பாடமாகப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லலாம். 1943-இல் பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். ஆகவே தவணை விடுமுறைவரை தள்ளிப்போடாதீர்கள். ‘ஜப்பான்காரன் காலம் எப்படி இருந்தது?’ என்று பொதுவாகக் கேட்டால் “ரொம்பக் கஷ்டம்ப்பா” என்ற ஒரே பதில்தான் வரும். என்ன சமைத்தீர்கள், யார் நட்டது, உப்புக்கு என்ன செய்தீர்கள், முதல் தடவை மறுபடி சோறு சாப்பிட்டது எந்த வீட்டில் என்று கேட்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து, பாட்டி சொன்ன பேச்சுத் தமிழிலேயே எழுதி வரட்டும்.