முதல் பேஸுக்குப் போகும் வழி – 6: ஃபிலடெல்பியாவில் ஒரு சனிக்கிழமை

போன வாரம் பேப் ரூத்தை 1923இல் நிறுத்திவிட்டு வந்தோம். அந்த ஒரே பருவத்தில் 205 ஹிட், 170 வாக், உடம்பில் பட்ட பந்து 4 என்று மொத்தம் 379 முறை அவர் பேஸுக்குப் போனார். அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. 2004இல் பாரி பாண்ட்ஸ் 376 வரை வந்தார். அவர் கதைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இப்போது 1941. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் டெட் வில்லியம்ஸுக்கு வயது 23. ஒல்லி, நெட்டை, முன்கோபம். மட்டையோடு நின்றால் மட்டும் ஆள் வேறு. நல்ல பந்துக்காகக் காத்திரு என்று 1938இல் ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி சொன்ன புத்திமதியை அவர் கடைசிவரை விடவில்லை. பிட்சர் நான்கு பந்தை எல்லைக்கு வெளியே வீசினால் ஓசியில் முதல் பேஸ், அதுதான் வாக். அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைத்த வாக் 147. ஸ்ட்ரைக் அவுட் ஆனது வெறும் 27 முறை.

பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. பேஸில் ஆள் நிற்கும்போது அடிக்காமல் வாக் வாங்கிக்கொண்டு போகிறாரே என்று குறைப்பட்டார்கள். நான் வில்லியம்ஸ் கட்சி. ஓர் ஆட்டத்தில் ஓர் அணியின் கையிருப்பே 27 அவுட்தான். அதில் ஒன்றைக்கூட வீணாக்காதவனைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்? அந்த ஆண்டு அவர் பேஸை எட்டிய விகிதம் 0.553. அதை முந்த 2002இல் பாண்ட்ஸ் வரவேண்டியிருந்தது. ஆனால் 1941இல் அந்த விகிதத்தை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அதிகாரப்பூர்வப் பட்டியலில் அது இடம்பிடித்ததே 1984இல்தான்.

ஊர் பார்த்தது இரண்டு எண்களை. ஒன்று, ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்தது; ஜூலையில் அது முடிந்துபோயிற்று. இன்னொன்று, வில்லியம்ஸின் அடிச் சராசரி 0.400ஐத் தாண்டி நிற்குமா என்பது. 1930இல் பில் டெர்ரிக்குப் பிறகு அந்த எல்லையைத் தொட்டவர் இல்லை.

செப்டம்பர் 27, சனிக்கிழமை. ஃபிலடெல்பியாவின் ஷைப் பார்க் மைதானம். சுழலாமல் மிதந்து, கடைசி நொடியில் தள்ளாடும் நக்கிள் பந்தை வீசும் ரோஜர் வுல்ஃப் எதிரே நின்றார். வில்லியம்ஸுக்கு நான்கு முயற்சியில் ஒரே ஹிட். பருவக் கணக்கு 448 முயற்சிக்கு 179 ஹிட், சராசரி 0.39955.

பத்திரிகைகள் இதை முழுதாக்கி 0.400 என்றே அச்சிடும். மறுநாள் பருவத்தின் கடைசி நாள், இரட்டை ஆட்டம். வேண்டுமானால் உட்கார்ந்துகொள் என்றார் மேனேஜர் ஜோ குரோனின். வில்லியம்ஸ் மறுத்துவிட்டார்.

அன்றிரவு அணியின் உடைமாற்றும் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஜானி ஆர்லாண்டோவோடு தெருத்தெருவாக நடந்தார். ஆர்லாண்டோ நடுநடுவே மதுக்கடைக்குள் ஒதுங்கிக்கொண்டார். டெட்டின் தலைக்குள் என்ன ஓடியதோ, கணக்கு மட்டும் கொடூரமானது: நாளை நான்கு முயற்சியில் ஒன்றுதான் ஹிட் என்றால் 0.398. வாக் கிடைத்தாலும் பயனில்லை. சராசரிக் கணக்கில் வாக்குக்கு இடமே கிடையாது. யாரையும்விட அவர் நன்றாகச் செய்யும் காரியம், அந்த ஒருநாள் மட்டும் அவருக்கு உதவாது.

ஞாயிறு மதியம் மட்டையோடு வந்து நின்றார். பின்னால் குந்தியிருந்த எதிரணி கேட்சர் ஃபிராங்கி ஹேய்ஸ் மெல்லப் பேச்சுக் கொடுத்தார். எங்கள் மேனேஜர் கிழவர் கோனி மேக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், உனக்கு இரக்கம் காட்டுபவன் அணியிலேயே இருக்கமாட்டான் என்பது அதன் சாரம்.

பிட்சர் மேட்டில் புதுமுகம் டிக் ஃபவுலர். கேட்சரின் சைகைக்குத் தலையசைத்துவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்தார்.

(தொடரும்)