20 வாட்ஸ் என்ன விலை?

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கல்லூரி நண்பன் போன் பண்ணினான். "மாப்ளே, ராஜபாளையத்துல ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் விலைக்கு வந்திருக்கு. ஜப்பான் செட்டு. 12 ஆயிரம் சொல்றாங்க. வீட்ல இருக்கிற புளூடூத் டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு இதை வாங்கிரவா?"

அவனும் நானும் பி.காம். பற்றும் வரவும் தெரியும், பாட்டுப் பெட்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆனாலும் பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை! அதைக் கெடுப்பானேன் என்று தேடத் தொடங்கினேன். சுவாரஸ்யமான ஒரு சரித்திரம் சிக்கியது. உங்களில் சிலருக்கும் இந்தப் பழைய பெட்டி சபலம் இருக்கக்கூடும் என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

1947. நமக்குச் சுதந்திரம் வந்த அதே வருஷம். ஏப்ரல், மே மாதங்களில் 'வயர்லெஸ் வேர்ல்டு' என்ற பிரிட்டிஷ் பத்திரிகையில் டி.டி.என். வில்லியம்சன் என்ற இன்ஜினீயர் ஒரு ஆம்ப்ளிஃபயரின் வரைபடத்தை வெளியிட்டார். வால்வுகளால் ஆனது. சக்தி 15 வாட்ஸ்தான். ஆனால், உள்ளே போகிற ஒலிக்கும் வெளியே வருகிற ஒலிக்கும் உள்ள வித்தியாசம், அதாவது 'டிஸ்டார்ஷன்', 0.1 சதவிகிதம். உலகம் முழுக்க ஆர்வக்காரர்கள் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வீட்டிலேயே பற்ற வைத்துப் பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள். 'ஹை ஃபை' என்ற பைத்தியம் பரவியதில் இந்த 15 வாட்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம் வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. கூடவே பொய்யும் வந்தது! அமெரிக்காவில் கம்பெனிகள் 'மியூசிக் பவர்', 'பீக் பவர்' என்று வாய்க்கு வந்த வாட்ஸை எல்லாம் விளம்பரத்தில் போட்டன. ஒரு நொடி மூச்சைப் பிடித்துத் தூக்குகிற மூட்டையை நாள் முழுக்கத் தூக்குவேன் என்று சொல்கிற மாதிரி. பார்த்தது அந்த நாட்டின் மத்திய வர்த்தக கமிஷன். 1974-ல் ஒரு விதி போட்டது. சொல்கிற சக்தியில் மூன்றில் ஒரு பங்கில் ஒரு மணி நேரம் ஓட விட்டு, பெட்டி நன்றாகச் சூடேறிய பிறகு, எல்லா சேனலும் ஒன்றாக வேலை செய்யும்போது அளந்து காட்டு. அதுவும் தொடர்ந்து தருகிற சக்தியை!

மூன்றில் ஒரு பங்கு என்றால் சுலபம்தானே என்று நினைக்காதீர்கள். இந்த வகை ஆம்ப்ளிஃபயர் கிட்டத்தட்ட உச்சபட்சச் சூட்டைக் கக்குவது முழு சக்தியில் இல்லை, ஏறக்குறைய இந்த இடத்தில்தான். அந்தப் பரீட்சையில் பாஸாக வேண்டுமென்றால் கனமான டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், பெரிய அலுமினியத் தகடுகள் வேண்டும். 70-களின் பிற்பாதியில் வந்த ஜப்பான் பெட்டிகளை இரண்டு கையாலும் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்கிறதே, அதற்கு இந்த விதியும் ஒரு காரணம். 1978-ல் வந்த 'என்ஏடி 3020' வெறும் 20 வாட்ஸ் என்று நேர்மையாகச் சொல்லிக்கொண்டு உலகம் முழுக்க விற்றது.

நம் ஊரில் அப்படி ஒரு விதி கண்ணில் படவில்லை. 90-களில் டேப் ரிக்கார்டர் அட்டைப்பெட்டியில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? அது அமெரிக்கா 1974-ல் விரட்டிய அதே பொய்யின் பேரப்பிள்ளை!

அதற்கு முந்தைய இந்தியக் கதை வேறு. பெங்களூரில் 1954-ல் தொடங்கிய அரசு நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1961-ல் ரேடியோ வால்வுகள் செய்ய ஆரம்பித்தது. 1970-ல் கல்கத்தாவில் சோனோடைன் பிறந்தது. வெளிநாட்டுப் பெட்டிக்குக் கட்டுப்பாடும் வரியும் மலை மாதிரி நின்றன. 1991-க்கு முன்னால் ஜப்பான் செட் வேண்டுமென்றால் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாமா வர வேண்டும். இல்லாவிட்டால் சென்னை பர்மா பஜார்.

அப்படி யாரோ ஒரு மாமா தூக்கி வந்ததுதான் இன்றைக்கு ராஜபாளையத்தில் 12 ஆயிரத்துக்கு நிற்கிறது. ராஜபாளையம் மில்ஸ் 1936-லேயே வந்துவிட்ட மில் ஊர் அது. தீபாவளி போனஸில் வீட்டுக்கு ஒரு சாமான் வரும். எங்கள் வீட்டு ரேடியோவே சொந்தக்காரர் ஒருவரின் மில் போனஸில் வந்ததுதான். ஜப்பான் செட்டுக்கு போனஸ் எட்டாதவர்கள், உள்ளூர் மெக்கானிக்கிடம் 'எஸ்டிகே' ஐ.சி. போட்டு அசெம்பிள் செட் செய்துகொண்டார்கள். டீக்கடையில் அலறியதெல்லாம் அதுதான்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனால் இன்னொரு வகைப் பெட்டி கிடைக்கும். ஆண்டாள் ஊர். மார்கழி விடியலில் எம்.எல்.வசந்தகுமாரியின் திருப்பாவை, ஆடிப்பூரத் தேருக்கு அறிவிப்பு என்று ஊரே ஒலிபெருக்கியில் வளர்ந்தது. (இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது என்று 2000-ல் விதி வந்த பிறகு விடியலின் சத்தம் குறைந்தது.) மைக் செட்காரர்கள் கழித்துப் போட்ட பெட்டிகள் சல்லிசாக வரும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. தெருக்கோடி வரை ஒயர் இழுத்து வரிசையாகக் குழாய் மாட்டுவதற்காக, மின்வாரியம் செய்வதைப் போலவே அழுத்தத்தைக் கூட்டி '100 வோல்ட் லைன்' என்று அனுப்புகிற சாதனம் அது. சிலவற்றில் வீட்டு ஸ்பீக்கருக்கான 8 ஓம்ஸ் முனையும் இருக்கும். ஆனாலும் ஒற்றைச் சேனல். பேச்சு தெளிவாகக் கேட்பதற்காகச் செய்தது. ராஜாவின் வயலின்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து போவதை அதில் கேட்க முடியாது.

சரி, 12 ஆயிரத்துக்கு வருவோம். நண்பனுக்கு எங்கள் பாஷையிலேயே சொன்னேன். "இது அசல் விலை இல்லைடா, முன்பணம்!" உள்ளே எலெக்ட்ரோலைட்டிக் கபாசிட்டர்கள் என்று சின்னச் சின்ன டப்பாக்கள் இருக்கின்றன. அவற்றில் இருக்கும் ஈரம், பெட்டி சும்மா கிடந்தாலும் வருஷக்கணக்கில் உலர்ந்துகொண்டே போகும். நாற்பது வயசுப் பெட்டியில் மொத்தமாக மாற்றும் செலவை விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். பழைய எஸ்டிகே இருந்தால் இன்னும் யோசி. சந்தையில் போலிதான் அதிகம். பின்பக்கம் 100 வோல்ட் மட்டும் என்று எழுதியிருந்தால், ஜப்பான் உள்ளூருக்குச் செய்தது. நம் 230-க்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதோடு, உன் ஸ்பீக்கர் அட்டைப்பெட்டி தரம் என்றால் முதல் பணம் ஸ்பீக்கருக்குத்தான். இது எதற்கும் சரிப்படாவிட்டால் புளூடூத் டப்பாவோடு குடும்பம் நடத்து.

"எப்படிச் சோதிக்கிறது?" என்றான். நேரே பிளக்கில் சொருகாதே, மெக்கானிக்கிடம் போ என்றேன்.

ராஜபாளையத்திலேயே ஒரு பெரியவர் இருந்தார். வயசு எழுபதைத் தாண்டும். மின்சார வழியில் ஒரு குண்டு பல்பைக் கோத்து, அதன் வழியாகப் பெட்டிக்குக் கரன்ட் கொடுத்தாராம். சீரிஸ் பல்பு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், பெட்டி தப்பிக்கும். இதில் ஒரு கணம் பிரகாசமாகி, மெல்ல மங்கியது. அடுத்து ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அந்த முனைகளில் மீட்டர் வைத்தார். சில மில்லிவோல்ட் என்றால் பரவாயில்லை, வோல்ட் கணக்கில் இருந்தால் ஸ்பீக்கர் கருகிவிடும். ஒரு பக்கம் சரி. இன்னொரு பக்கம் இரண்டு வோல்ட்டுக்கு மேல்.

"ஆகுமா அண்ணாச்சி?" என்று கேட்டிருக்கிறான்.

"ஆகும். சாமான் வாங்கிக் குடுங்க, பார்த்துத் தர்றேன். ஆனா தம்பி, இது திரும்ப ஒரு பத்து வருஷம் கழிச்சுக் கேட்கும். அப்ப யார்ட்ட கொண்டு போவீங்க?"

கடையில் அவருக்கு உதவி என்று யாரும் இல்லையாம். பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை.

நண்பன் பேரம் பேசி 9 ஆயிரத்துக்கு முடித்துவிட்டான். இப்போது சனிக்கிழமைதோறும் அந்தக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சால்டரிங் கம்பியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். பெட்டி இன்னும் வீட்டுக்குப் போகவில்லை.