சுருளை விரித்த சொல்

ஒரு சொல் அறிவியலுக்குள் நுழையும்போது தன் பழைய பொருளையும் உடன் கொண்டுவருவது உண்டு. ‘படிப்படியாக வளர்ந்து மாறுதல்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் ‘இவால்வ்’ என்னும் வினைச்சொல் இதற்குச் சான்று.

பண்டைய ரோமானியரின் நூல்கள் பாப்பிரஸ் சுருள்களாக இருந்தன. படிக்க வேண்டுமானால் சுருளை விரிக்க வேண்டும். அச்செயலை இலத்தீனில் ‘எவோல்வெரே’ என்றனர். ‘எ’ என்பது ‘வெளியே’. ‘வோல்வெரே’ என்பது ‘உருட்டுதல்’. நூலின் தொகுதியைக் குறிக்கும் ‘வால்யூம்’ என்ற சொல்லும் இவ்வேரிலிருந்து பிறந்ததே.

சுருளில் எழுதியிருப்பதுதானே விரிக்கும்போது தெரியும்? இக்கருத்துடன்தான் அச்சொல் உயிரியலுக்குள் வந்தது. கருவில் முன்னரே அமைந்துள்ள சிற்றுருவம் விரிந்து பெரிதாவதை 1744 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து அறிஞர் ஆல்பிரெக்ட் வான் ஹாலர் ‘இவலூஷன்’ என்று குறித்தார்.

சார்லஸ் டார்வின் 1859 இல் வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதற்பதிப்பில் இப்பெயர்ச்சொல் இல்லை. ஆயினும் அந்நூலின் கடைசிச் சொல் ‘இவால்வ்ட்’ என்னும் வினையே! ஹெர்பர்ட் ஸ்பென்சர் போன்றோர் பரப்பிய பெயர்ச்சொல்லை 1872 இல் வந்த ஆறாம் பதிப்பில் டார்வினும் எடுத்தாண்டார்.

சொல் நிலைபெற்றது. ஆனால், உயிரினங்கள் முன்பே எழுதப்பட்ட இலக்கை நோக்கிச் செல்கின்றன என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. காலபாகஸ் தீவுக்கூட்டத்தின் டாப்னி மேஜர் தீவில் கிராண்ட் தம்பதியர் பிஞ்ச் பறவைகளை ஆராய்ந்தனர். 1977 வறட்சியில் பெரிய, கடினமான விதைகளே எஞ்சின. பெரிய அலகுள்ளவை அதிகம் பிழைத்தன. 1983 பெருமழைக்குப் பின் சிறு விதைகள் பெருகின. அடுத்த ஆண்டுகளில் சிறிய அலகுகளே நன்மை தந்தன. சூழல் மாறவே மாற்றத்தின் திசையும் மாறியது.

நாம் வழங்கும் ‘பரிணாமம்’ வடசொல். வேறொன்றாக மாறுதல் என்பது பொருள். இதற்குச் சாங்கியர் பால் தயிராவதை எடுத்துக்காட்டுவர். தயிர் பாலிலேயே அடங்கியுள்ளது என்பது அவர்கள் கொள்கை. இங்கும் சுருளின் சாயலைக் காணலாம்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களோ ‘கூர்ப்பு’ என்கின்றன. உள்ளது மிகுதலை உணர்த்தும் சொல்லாகத் தொல்காப்பியம் இதைக் கூறுகிறது. ஓர் இனத்தில் உள்ள வேறுபாடுகளுள் சூழலுக்கு ஏற்றவை தலைமுறைதோறும் மிகுவதையே இயற்கைத் தேர்வு என்கிறோம். ஆகவே, மாணவர்களே, எந்தச் சொல்லைக் கையாண்டாலும் இப்பொருளையே மனத்தில் கொள்ளுங்கள்.