நாலு வயசு, பதினோரு மாசம்

ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வருவார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஜன்னலோரக் குழந்தையைப் பார்ப்பார். "பாப்பாவுக்கு என்னம்மா வயசு?"

அம்மா ஒரு விநாடிகூட யோசிக்க மாட்டார். "நாலு முடிஞ்சு பதினோரு மாசம் சார்."

பாப்பா விடுமா? "இல்லம்மா, எனக்கு ஆறு!"

இந்தக் காட்சியை ஒருமுறையாவது பார்க்காத தமிழ் ரயில் பயணி இருக்கவே முடியாது. காரணம் எளிது. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். அதற்கு மேல் பன்னிரண்டு வரைக்கும் அரை டிக்கெட். 2016 ஏப்ரல் 21 முதல் அந்த அரை டிக்கெட்டிலும் ஒரு கிடுக்கிப்பிடி. குழந்தைக்குத் தனி பர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம் கட்டவேண்டும். அரைக் கட்டணம்தான் கட்டுவேன் என்றால் அப்பாவின் மடிதான் பர்த்.

ஆக, குழந்தையின் முதல் பெரிய கோடைப் பயணத்துக்கு ஒரு கெடு தேதி உண்டு. ஐந்தாவது பிறந்தநாளுக்கு முந்தைய மே மாதம். பி.காம். படித்தவன் புத்தி இப்படித்தான் போகும். ஆனால் யோசித்துப் பாருங்கள். நடக்கப் பழகி ஆறேழு மாதமே ஆன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கத்திரி வெயிலில் குடும்பமாக எங்கேயாவது போவது என்ற வழக்கம் நமக்கு எப்போது வந்தது? தாத்தா காலத்தில் இருந்ததா?

ம்ஹும். இல்லை.

தாத்தா காலத்தில் கோடை வந்ததும் பெண்டாட்டி பிள்ளைகளோடு மூட்டை கட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி மலை ஏறினார். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, மதராஸ் மாகாண அரசாங்கமே கோடை மாதங்களில் ஃபைல்களோடு ஊட்டிக்குக் குடிபோகும் அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயில். 1908இல் ஊட்டி வரைக்கும். மதராஸ் வெயில் தங்கள் குழந்தைகளுக்கு எமன் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள்.

நம் ஆட்களுக்கு எமன் வேறு வடிவத்தில் வந்தான். பெரியம்மை.

அம்மை கோடையில்தான் உக்கிரமாகப் பரவும். திருவேற்காட்டு மாரியம்மனுக்கு வேப்பிலையும் கூழும் அந்த மாதங்களில் ஏன் என்பது அம்பத்தூர், பூந்தமல்லிக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் அந்த வீட்டுக்குள் யாரும் போகமாட்டார்கள், அங்கிருந்து யாரும் வெளியே வரமாட்டார்கள். 1950களின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 150 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினால் வீட்டுப் பெரியவர்கள் கையில் கிடைத்ததை எடுத்து அடித்திருப்பார்கள்.

போனார்கள்தான். மொட்டை போட, காது குத்தப் போனார்கள். ஆவடியில் ரயில் ஏறினால் அரக்கோணம், திருத்தணி, அந்தப் பக்கம் திருப்பதி. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்த வழியாகத்தான். அதை விட்டால் பாட்டி வீடு. இரண்டுக்குமே ஒரு காரணம் இருந்தது. ஒன்று நேர்த்திக்கடன், இன்னொன்று உறவு. 'சும்மா, சந்தோஷத்துக்கு' என்பது காரணங்களின் பட்டியலிலேயே கிடையாது.

அது சேரவேண்டுமென்றால் முதலில் லீவு வேண்டும். சம்பளத்தோடு லீவு.

இங்கே ஒரு நிமிடம் பிரான்சுக்குப் போய்விட்டு வந்துவிடலாம். 1936 ஜூன். தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து ஸ்டிரைக் செய்கிறார்கள். புதிதாகப் பதவிக்கு வந்த அரசு, வருடத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் போடுகிறது. சரி, லீவு கிடைத்துவிட்டது. காசு? லியோ லக்ராஞ்ச் என்கிற இளம் அமைச்சர் ரயில்களில் 40 சதவிகிதக் கட்டணச் சலுகைக்கு ஏற்பாடு செய்தார். அந்த ஒரு கோடையில் மட்டும் சுமார் 6 லட்சம் பேர் அந்த டிக்கெட்டில் போனார்கள். கடலையே அதுவரை பார்க்காத குடும்பங்கள் குழந்தைகளோடு கடற்கரையில் போய் நின்றன.

இரண்டு விஷயம் பாருங்கள். லீவு தனி, கட்டணம் தனி. ஒன்றிருந்து மற்றொன்று இல்லாவிட்டால் பிள்ளை வீட்டிலேயேதான் இருக்கும்.

இந்தியாவில் முதலாவது, வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் நலப் பொறுப்பில் இருந்த அம்பேத்கரின் முயற்சியில் வந்தது. 1945ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம். வருடம் முழுக்க ஓடும் ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளத்தோடு 10 நாள் லீவு. 1946 ஜனவரி முதல் அமல். பிறகு 1948ஆம் வருடச் சட்டமும் அதன் 1954ஆம் வருடத் திருத்தமும் வந்து, 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் என்று கணக்கை மாற்றின. ஆக, குறைந்தபட்சம் 12 நாள்.

இரண்டாவதும் வந்தது. அதற்கு முன்னால் நம் பேட்டையில் சில விஷயங்கள் நடந்தன. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு. யு.என். தேபர் தலைவர். 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. அதே வருடம் அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். ஐ.சி.எஃப். அதற்கு அடுத்த வருடம், 1956 அக்டோபர் 11 தேதியிட்ட உள்துறை அமைச்சகத்தின் உத்தரவு ஒன்று வெளியானது. மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுமுறைப் பயணச் சலுகை. செல்லமாக, எல்.டி.சி.

ஆவடி தீர்மானத்தால்தான் எல்.டி.சி. வந்தது என்று நான் சொல்லவில்லை. காற்று அந்தத் திசையில் அடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அவசரப்பட்டுக் கைதட்டாதீர்கள். சர்க்கார் சலுகையில் சின்ன எழுத்து இல்லாமல் இருக்குமா? முதலாவது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான். அதுவும் சொந்த ஊருக்கு மட்டும். எது உன் சொந்த ஊர் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். சர்வீஸ் முழுக்க ஒரே ஒரு தடவைதான் அதை மாற்றலாம். ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்து, ஆவடி மண்ணைத் தின்று வளர்கிற பிள்ளைக்கும் காகிதத்தில் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்தான். பாட்டி வீட்டுக்குப் போகும் பழைய வழக்கத்துக்கு சர்க்கார் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது. அவ்வளவே.

இரண்டாவது, தூரம். அந்தக் கால விதியில் முதல் 400 கிலோமீட்டருக்கான கட்டணம் ஊழியர் தலையில். கடைநிலை ஊழியர் என்றால் முதல் 160. அதற்கு மேல்தான் சர்க்கார் தரும். கணக்குப் போடலாமா? எழும்பூரிலிருந்து திருச்சி சுமார் 340 கிலோமீட்டர். ஆக, திருச்சிக்கார கிளார்க்குக்கு ஒரு பைசா கிடையாது. கும்பகோணம், தஞ்சாவூர்க்காரர்களுக்கும் பட்டை நாமம். மதுரை ஏறத்தாழ 500, நூறு கிலோமீட்டருக்குத் தேறும். திருநெல்வேலி 650, பரவாயில்லை. கடைநிலை ஊழியருக்கு விழுப்புரம் தாண்டினால் மீட்டர் ஓட ஆரம்பிக்கும். 'வடக்கத்திக்காரனா பொறந்திருக்கலாம்டா' என்று அலுத்துக்கொண்ட காவிரிக்கரைக்காரர்கள் அந்நாளில் கட்டாயம் இருந்திருப்பார்கள்.

1960களில் ஆவடியின் முகமே மாறிப்போனது. ராணுவ உடைத் தொழிற்சாலை வந்தது. கனரக வாகனத் தொழிற்சாலை வந்து, 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. ஊர்க்காரர்களுக்கு அது டேங்க் ஃபேக்டரி. நாடு முழுவதிலிருந்தும் வந்து சேர்ந்த ஊழியர்கள், எல்லோருக்கும் எல்.டி.சி. கொஞ்சம் தள்ளி வில்லிவாக்கத்தில் ஐ.சி.எஃப். குடும்பங்கள். அவர்களுக்கு அதுகூட வேண்டாம். இலவசப் பாஸ், அது தீர்ந்தால் மூன்றிலொரு பங்குக் கட்டணத்தில் பி.டி.ஓ. ரயிலைச் செய்கிறவன் வீட்டுப் பிள்ளை ரயிலில் போகாவிட்டால் எப்படி?

கதவு முழுசாகத் திறந்தது 1970களில்தான். 1974-77 என்ற நான்காண்டுத் தொகுப்பிலிருந்து, ஒருமுறை 'இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும்' போகலாம் என்றானது. எங்கு வேண்டுமானாலும்! பாட்டி இல்லாத ஊருக்கும், சாமி இல்லாத ஊருக்கும் போகலாம். அதற்கும் சர்க்கார் பணம் தரும்.

அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1977இல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்தது. தலைமுறை தலைமுறையாகக் கோடையில் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்த பயங்களில் பெரியது அத்தோடு போனது.

அதே 1977 டிசம்பரில் மூன்றாவது. இதை நான் எப்போதும் மரியாதையோடு நினைப்பேன். அன்றைய ரயில்வே அமைச்சர் மது தண்டவதே. இரண்டாம் வகுப்புப் பெட்டிகளில் அதுவரை வெறும் மரப் பலகைதான். ராத்திரி முழுக்கப் புரண்டால் இடுப்பு எலும்பு பலகையோடு பேசும். அதன்மேல் இரண்டு அங்குல நுரை மெத்தை போடச் சொன்னார் தண்டவதே. பம்பாய்-ஹௌரா கீதாஞ்சலி எக்ஸ்பிரஸில் தொடங்கி மெல்ல மெல்ல எல்லா ரயில்களுக்கும் பரவியது. பெரியவர்களுக்கு அது சௌகரியம். இரண்டு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுத் தட்டித் தூங்கவைக்கும் அம்மாவுக்கு? ஒரு ராத்திரித் தூக்கம்.

இப்போது 1980ஆம் வருடத்து மே மாதத்தைக் கற்பனை செய்யுங்கள். டேங்க் ஃபேக்டரி டர்னர் ஒருவர். ஒன்றரை வயதில் ஒரு பிள்ளை. லீவு இருக்கிறது. எல்.டி.சி. அட்வான்ஸ் கைக்கு வந்துவிட்டது. ஊட்டி. ஹோல்டால், கூஜா, ஃபிளாஸ்க், ஃபாரெக்ஸ் டின், தட்டை முறுக்கு, கொடியில் காயாத நான்கு துணிகள். ஆவடியில் மின்சார ரயில் பிடித்து சென்ட்ரல் போவார்கள். அங்கே நீலகிரி எக்ஸ்பிரஸ். அது கிளம்பி முக்கால் மணிக்குள் எந்த ஊர் வழியாகப் போகும்? அதே அம்பத்தூர், அதே ஆவடி. நிற்காமல். சொந்த வீட்டைத் தாண்டிப் போவதற்காக இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் எதிர்த்திசையில் போய்வரும் இந்த யோகம் மேற்குப் புறநகர்வாசிகளுக்கு இன்றும் அநேகமாகத் தொடர்கிறது. 'பாப்பா, அதோ நம்ம ஸ்டேஷன், டாட்டா சொல்லு!'

பிறகு தூளி. மேல் பர்த் சங்கிலிகளுக்கு நடுவே அம்மாவின் நூல் புடவை. ரயிலே ஆட்டிவிடும். 2022 மே மாதம் வடக்கு ரயில்வே, லக்னோ மெயிலில் கீழ் பர்த்தோடு ஒட்டி மடக்கும் 'பேபி பர்த்' ஒன்றைச் சோதனையாகப் பொருத்தி, செய்தியெல்லாம் வந்தது. நம் பாட்டிகள் செய்தி பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

அந்தப் பிள்ளைக்கு ஊட்டி நினைவிருக்குமா என்று கேட்காதீர்கள். இருக்காது. ஆல்பத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும். குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு, தாவரவியல் பூங்காவில் அழுதபடி. நினைவிருந்தது அப்பா அம்மாவுக்கு. அவர்கள் குழந்தையாக இருந்தபோது யாரும் அவர்களை எங்கும் கூட்டிப்போனதில்லை.

சலுகை வந்தால் சாமர்த்தியமும் வரும். எல்.டி.சி.க்கு வருமான வரி விலக்கு உண்டு, ஆனால் பயணம் இந்தியாவுக்குள் இருக்கவேண்டும். ஸ்டேட் பாங்க் ஊழியர் ஒருவர் டெல்லியிலிருந்து மதுரை கிளம்பினார். எப்படித் திரும்பினார் தெரியுமா? கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், மறுபடி கொழும்பு, டெல்லி. போன ஊர் மதுரைதானே என்பது வாதம். 2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இன்னொரு விசித்திரம் கொரோனா காலத்தில். 2020 அக்டோபரில் நிதி அமைச்சர் அறிவித்தார்: ஊருக்குப் போகவேண்டாம், பொருள் வாங்குங்கள். ரயிலில் போகத் தகுதியுள்ளவருக்கு ஆளுக்கு 6,000 ரூபாய். நான்கு பேர் என்றால் 24,000. ஆனால் அதைப்போல மூன்று மடங்குக்கு, ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்துக்குக் குறையாத பொருளாக வாங்கி பில் காட்டவேண்டும். அந்த வருடம் ஊட்டி, வாஷிங் மெஷின் ரூபத்தில் வீட்டுக்கு வந்தது.

இப்போது ஆவடித் தொழிற்சாலைகள் நேரடி அரசுத் துறை அல்ல. 2021 அக்டோபர் 1 முதல் அரசு நிறுவனங்களாகிவிட்டன. டேங்க் ஃபேக்டரி, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின் கீழ்.

கொஞ்சம் கிழக்கே, அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1960களில் உருவானது. அங்கே பெரிய கம்பெனிகளில் நிரந்தர ஊழியர்களுக்கு எல்.டி.ஏ. என்ற பெயரில் இதே சமாசாரம் சம்பளச் சீட்டில் இருக்கும். ஆனால் லேத் பட்டறைகளில் இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் சீட்டில், சீட்டு என்று ஒன்று இருந்தால், அந்த வரி இருக்காது. சட்டப்படி லீவாவது உண்டா? உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பழைய 240 நாளை 180 ஆகக் குறைத்திருக்கிறது. 20 நாளுக்கு ஒரு நாள் என்பது அப்படியே. அதாவது 180 நாள் முடித்தவருக்கு 9 நாள். பாட்னாவுக்கு ரயிலில் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். கழித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரர் மாறிவிட்டால் அந்த 180ஐயே பலருக்கு முதலிலிருந்து எண்ணவேண்டியிருக்கிறது.

மே மாதம் சென்ட்ரலில் வடக்கே போகும் ரயில்களின் பொதுப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் பையின் மேல் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் தோளில் இரண்டு வயதில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். அங்கே பரிசோதகர் வருவது அபூர்வம். வந்தாலும் வயசு கேட்கமாட்டார்.