சூரியக் குமிழி

ஹீலியோஸ்பியர் என்று அறிவியல் நூல்களில் வழங்கும் சூரியக் குமிழி, சூரியனிலிருந்து எல்லாத் திசையிலும் ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்களின் காற்று தனக்கென்று பிடித்துவைத்திருக்கும் இடம். எட்டுக் கோள்களும் இதற்குள்தான் சுற்றுகின்றன. பால்வழியின் பிற பகுதிகளிலிருந்து பாய்ந்துவரும் காஸ்மிக் கதிர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கை இது உள்ளே விடுவதில்லை. காப்பு என்றதும் நிலையான மதிற்சுவர் என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளிருந்து சூரியக் காற்று தள்ளும் அழுத்தமும் வெளியிலிருந்து விண்மீனிடைப் பொருள் தள்ளும் அழுத்தமும் எங்கே சமமாகின்றனவோ அங்கே குமிழியின் எல்லை நிற்கும். எந்தப் பக்கம் ஓங்கினாலும் அது நகரும்.

கிள்ளான் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் முகத்துவாரத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேற்கே மழை இல்லாமல் கோம்பாக் மலைப்பக்கம் கொட்டித் தீர்த்தால் ஆற்றுநீர் கடலைத் தள்ளிக்கொண்டு போகும். கடல் ஏறும்போது உப்புநீர் ஆற்றுக்குள் நுழையும். ஆறும் கடலும் சந்திக்கும் கோடு ஒருநாள் இருந்த இடத்தில் மறுநாள் இருக்காது.

சூரியக் காற்றின் வேகம் நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். வெளியே போகப் போக அது நீர்த்து, ஓரிடத்தில் திடீரென்று வேகம் இழக்கிறது. கவிழ்த்த எவர்சில்வர் தட்டின் மேல் பைப்பைத் திறந்துவிட்டால் இதைக் கண்ணால் காணலாம். நீர் விழும் இடத்தைச் சுற்றி மெல்லிய, வழுவழுப்பான வட்டம். அதன் விளிம்பில் நீர் சட்டென்று தடித்து மெதுவாக ஓடும். அந்தத் தடித்த விளிம்புக்கு நிகரானதுதான் முடிவு அதிர்ச்சி எனப்படும் எல்லை. வொயேஜர் 1 விண்கலம் அதை 2004 டிசம்பரில் சூரியனிலிருந்து 94 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு) தொலைவிலும், வொயேஜர் 2 மற்றொரு திசையில் 2007 ஆகஸ்டில் 84 அலகிலும் கடந்தன. சூரியக் காற்று முற்றிலும் நின்றுபோகும் கடைசி எல்லையான ஹீலியோபாஸை வொயேஜர் 1 2012 ஆகஸ்ட் 25-இலும், வொயேஜர் 2 2018 நவம்பர் 5-இலும் தாண்டின. இரண்டுக்கும் தொலைவு ஏறத்தாழ 120 அலகு.

இந்தக் கதையில் தமிழர் ஒருவருக்கு உரிய இடம் போதுமான அளவு பேசப்படவில்லை. சூரியனிலிருந்து காற்று வீசுகிறது என்று யூஜின் பார்க்கர் எழுதிய கட்டுரையை மதிப்பீட்டாளர்கள் இருவருமே நிராகரித்தார்கள். ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னலின் ஆசிரியராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் தமக்கும் அந்தக் கருத்தில் உடன்பாடு இல்லாதபோதும், கணக்கில் பிழை காணமுடியாததால் 1958-இல் அதை வெளியிட்டார். 1962-இல் மாரினர் 2 விண்கலம் சூரியக் காற்றை நேரில் அளந்தது. நீலகிரியில் 1970-இல் எழுந்த ஊட்டி ரேடியோ தொலைநோக்கியும் இந்தக் காற்றை அளக்கிறது: தொலைதூர ரேடியோ மூலங்கள் சூரியக் காற்றின் ஊடே மின்னும் விதத்திலிருந்து அதன் வேகத்தைக் கணிக்கிறது. 530 மீட்டர் நீளமுள்ள அந்தத் தொலைநோக்கி, ஊட்டியின் அட்சரேகைக்கு ஒத்த 11 பாகைச் சரிவில் நிற்கிறது. கோலாலம்பூரில் கட்டியிருந்தால் 3 பாகைச் சரிவே போதும்.

குமிழி சூரியனுக்கு எப்படி வளைந்துகொடுக்கிறது என்பதைக் காட்டிய நிகழ்வு 2014 இறுதியில் தொடங்கியது. சூரியக் காற்றின் அழுத்தம் அப்போது சுமார் 50% கூடியது. அந்தக் காற்று எல்லையை எட்டவும், அங்கே உண்டான நடுநிலை அணுக்கள் திரும்பி வரவும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. பூமியைச் சுற்றும் ஐபெக்ஸ் செயற்கைக்கோள் அந்த மாற்றத்தைப் பதிவுசெய்தது.

வெளியிலிருந்து வரும் மாற்றம் இதைவிட மெதுவானது, ஆனால் பன்மடங்கு பெரியது. இப்போது சூரியன் ஒரு மெல்லிய விண்மீனிடை மேகத்தை, அதன் விளிம்பருகே, நொடிக்குச் சுமார் 26 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கிறது. இந்த வேகத்தில் ஓர் ஒளியாண்டைக் கடக்க 11,500 ஆண்டுகள் ஆகும். சூரியக் காற்றின் அழுத்தம் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், வெளி அழுத்தம் 4 மடங்கானால் குமிழியின் ஆரம் பாதியாகும். 100 மடங்கானால் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மேராவ் ஓஃபரும் குழுவினரும் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சூரியன் குளிர்ந்த, அடர்ந்த மேகம் ஒன்றினுள் புகுந்திருக்கலாம் என்கிறது. அவர்களுடைய கணிப்பில் குமிழி 0.22 வானியல் அலகு வரை சுருங்கியது. புதனின் சுற்றுப்பாதையே 0.39 அலகு. எனவே பூமி உட்பட அத்தனை கோள்களும் அந்தக் காலத்தில் குமிழிக்கு வெளியே கிடந்திருக்கும். ஆழ்கடல் படிவுகளில் கிடைக்கும் இரும்பு-60 ஐசோடோப்பை அவர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். அதன் அரை ஆயுள் 26 லட்சம் ஆண்டுகள் என்பதால், பூமி தோன்றியபோது இருந்தது எதுவும் இன்று மிஞ்சியிருக்காது; இடையில் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அருகில் வெடித்த சூப்பர்நோவாதான் அதைக் கொண்டுவந்தது என்போரே பெரும்பான்மையினர். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்கு இன்னொரு காப்பும் உண்டு. பூமத்திய ரேகைக்கு அருகில் பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக ஓடுவதால், சூரியக் குமிழியைத் தாண்டி வரும் காஸ்மிக் கதிர்களிலும் ஆற்றல் குறைந்தவை இங்கே இறங்குவதில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அருகே குன்றின் மேல் நிற்கும் தேசியக் கோளரங்கத்துக்குக்கூடப் போக வேண்டாம். சூரியன் கடந்துசெல்லும் அந்த மேகம் நம்மை எதிர்கொண்டு வீசுவதே விண்மீனிடைக் காற்று; அது வரும் திசையைப் பார்க்க வீட்டு வாசலே போதும். ஜூன் முதல் வாரத்தில், மேகம் இல்லாத இரவில், 1 மணியளவில் தெற்கு நோக்கி நில்லுங்கள். 60 பாகை உயரத்தில், நகர வெளிச்சத்தையும் மீறிச் சிவப்பாகத் தெரிவது விருச்சிகத்தின் கேட்டை நட்சத்திரம். கையை நீட்டி விரல்களை மடக்கினால் ஒரு முஷ்டி அகலம் அதற்கு மேலே, சற்றே இடப்புறம்: அந்தக் காற்று அங்கிருந்துதான் வருகிறது.