லூவரா, ஓர்சேயா? கேமராவோடு போனால்

பாரிஸில் சீன் நதியின் வலக்கரையில் லூவர், இடக்கரையில் ஓர்சே அருங்காட்சியகம். நடுவே ஒரு பூங்கா, ஒரு நடைபாலம், அவ்வளவுதான். நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பலர் லூவரில் மோனாலிசாவோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு ஈஃபிள் கோபுரத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். படமெடுப்பதில் உண்மையான ஆர்வம் உள்ளவர்களும் அப்படிச் செய்வதுதான் வருத்தம். கலையும் கட்டடமும் ஒரே படத்தில் சேர்ந்து அமைய வேண்டுமென்றால் ஓர்சேதான் சரியான இடம் என்பது என் கட்சி. லூவரில் அந்தச் சேர்க்கை அபூர்வம்.

இதற்குக் காரணம் இரண்டு கட்டடங்களும் பிறந்த விதம். லூவர் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டையாகத் தொடங்கியது. பிறகு அரண்மனையானது, 1793-இல் அருங்காட்சியகமானது. ஒவ்வொரு அரசரும் தன் பங்குக்கு ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டே போனதால், உள்ளே அறைக்கு அறை வெளிச்சம் மாறும். ஓர்சேயோ 1900-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக விக்டர் லலூ கட்டிய ரயில் நிலையம். அங்கு ஓடியவை மின்சார ரயில்கள். கரிப்புகைக்குப் பயப்பட வேண்டியிருக்கவில்லை. அதனால் கூரையில் கண்ணாடியோடு பூவேலைப்பாடுகளையும் தாராளமாகச் செய்ய முடிந்தது. ரயில்கள் நீண்டதும் நடைமேடைகள் போதாமல் போயின. 1970-களில் இடிபடுவதிலிருந்து தப்பி, 1986-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. அன்று பயணிகள் மேல் விழுந்த வெளிச்சம் இன்று சிலைகள் மேல் விழுகிறது.

அந்த நடுக்கூடத்தில் கார்ப்போ செதுக்கிய ‘நடனம்’ சிற்பத்தின் முன் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். 1869-இல் பாரிஸ் ஓப்பரா மாளிகையின் முகப்புக்காகச் செய்தது. காற்று மாசு கல்லை அரித்ததால் 1964-இல் அதை இறக்கி, அங்கே நகல் ஒன்றை வைத்தார்கள். திறந்த வெளிக்கென்று செதுக்கிய கல் என்பதால், கூரை வழியே வரும் பகல் வெளிச்சம் அதற்குப் பொருந்திப் போகிறது. வெளியே மேகம் கடக்கும்போது நடனமாடும் பெண்களின் தோளில் நிழல் கரைந்து, மேகம் விலகியதும் மீண்டும் அழுத்தமாக விழும். வைட் ஆங்கிள் லென்ஸ் போட்டுத் தாழ்வாகப் பிடித்தால் கல் உடல்களின் வளைவும் கூரையின் வளைவும் ஒரே கோட்டில் வந்து சேரும். மேலே சில மாடிகள் ஏறினால் கூடம் முழுவதும் காலடியில் விரியும்.

லூவரில் கட்டடத்தின் கதாநாயகன் வாசலிலேயே நிற்கிறது. ஐ.எம். பெய் வடிவமைத்து 1989-இல் திறந்த பிரமிடு 21 மீட்டருக்குச் சற்று மேலான உயரம், 673 கண்ணாடிகள். சாதாரணக் கண்ணாடியில் இரும்புக் கலப்பால் ஒரு பச்சை சாயல் இருக்கும். அது கூடாது என்று பெய் பிடிவாதம் பிடிக்க, தெளிவான கண்ணாடியை இதற்கென்றே தயாரித்தார்கள். படமெடுப்பவருக்கு இதன் பலன் நேரடியானது. கீழே வரவேற்புக் கூடத்தில் நின்று மேலே பார்த்தால், கண்ணாடிக்கு அப்பாலுள்ள அரண்மனையின் கல் தன் தேன்நிறம் கெடாமல் தெரியும். ஆனால் இந்தப் படத்தில் கலைப்பொருள் எதுவும் இல்லை. அதற்கு நடந்து நடந்து உள்ளே போக வேண்டும்.

போனால் கூட்டம். 2018-இல் லூவருக்கு வந்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். ஓர்சேயில் 2023-இல் வந்தவர்கள் 38 லட்சத்துக்குச் சற்று மேல். மோனாலிசா 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம், கண்ணாடிக்குப் பின்னால். தூக்கிப் பிடித்த செல்போன்களுக்கு நடுவே தெரிவதை ஓவியத்தின் படம் என்று சொல்ல முடியாது. அதே அறையில் எதிர்ச்சுவரில் வெரோனேஸேயின் ‘கானாவூர்த் திருமணம்’ கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது. வார்னிஷில் வெளிச்சம் பளிச்சிடும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் பளிச்சிடலும் நகர்ந்துவிடும். அந்த அறையில் எடுக்க வேண்டிய படம் இந்தத் திருமணம்தான்.

லூவருக்கும் நியாயம் செய்ய வேண்டும். 1993-இல் கண்ணாடிக் கூரை போட்ட மார்லி முற்றத்தில், கூஸ்துவின் பளிங்குக் குதிரைகள் திமிறி நிற்கின்றன. அரண்மனைச் சுவர், பகல் வெளிச்சம், சிற்பம் மூன்றும் அங்கே ஒரே படத்தில் அமையும். தாரு படிக்கட்டின் உச்சியில் கப்பல் முனையில் நிற்கும், தலையும் கையும் இல்லாத வெற்றித் தேவதையும் அப்படித்தான். அங்கே படியேறுகிறவர்களை ஒதுக்கிவிட்டு எடுக்கப் பார்க்காதீர்கள். அவர்கள் இல்லாவிட்டால் சிலையின் உயரம் படத்தில் தெரியாது.

ஓர்சேயில் சிக்கல் இல்லை என்று சொல்லவில்லை. ஐந்தாம் மாடியில் மோனே, ரெனுவா வரிசையை 2011-இல் சீரமைத்தபோது வெள்ளைச் சுவர்களை அடர்நிறமாக்கினார்கள். கண்ணுக்கு அருமை, கேமராவுக்குக் குழப்பம். கருமையைப் பார்த்து மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிவிடும், ஓவியம் வெளிறிப்போகும். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்புக்குமேல் குறைத்துக்கொள்ளுங்கள். மோனே 1877-இல் வரைந்த சேன் லசார் ரயில் நிலையமும் இங்கேதான் இருக்கிறது. ரயில் நிலையத்தின் கண்ணாடிக் கூரை ஓவியமாகி, இன்னொரு ரயில் நிலையத்துக்குள் தொங்குகிறது.

இத்தனைக்கும் 2010-லிருந்து ஓர்சேயில் படமெடுக்கவே தடை இருந்தது. 2015-இல் கலாச்சார அமைச்சர் ஃப்ளர் பெல்லரன் அங்கே எடுத்த படங்களை இன்ஸ்டாகிராமில் போட, அமைச்சருக்கு ஒரு நீதி, மக்களுக்கு ஒரு நீதியா என்று கேள்வி எழுந்தது. தடை விலகியது. லூவரின் சிக்கல் வேறு. பெய் 2019-இல்தான் இறந்தார் என்பதால் பிரமிடுக்குக் காப்புரிமை உண்டு. பிரான்சின் 2016 சட்டப்படி தனிநபர் லாபநோக்கமின்றிப் பகிரலாம், விற்பதென்றால் அனுமதி வாங்க வேண்டும்.

ஃப்ளாஷ், ட்ரைபாட், செல்ஃபி ஸ்டிக் இரண்டு இடத்திலும் கொண்டுபோகாதீர்கள். லூவருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேக்குத் திங்கள். கையில் ஒரே நாள்தான் என்றால் வியாழக்கிழமையாகப் பார்த்து ஓர்சேக்குப் போங்கள்; அன்று இரவு 9.45 வரை திறந்திருக்கும். பிரமிடைப் படமெடுக்க டிக்கெட் தேவையில்லை, வெளி முற்றத்தில் நின்றே எடுத்துக்கொள்ளலாம்.